பனிமலைக்குச் செல்லும் இரவு வண்டி

பனி என்பது நம் நாட்டவர்க்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. சுப்ஹு தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்லும்போது காதைச் சற்றே குளிரச் செய்யும் காற்று. அதற்கு மேல் பனியை நாம் அறியோம். ஆனால் இரவு ரயில் நமக்கு அந்நியமன்று. மாலையில் கட்டுச்சோற்றுடன் வண்டி ஏறி, படுக்கை விரித்து, சக்கரங்களின் தாளத்தில் கண்ணயர்ந்து, விடியும்போது எழும்பூரில் இறங்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக நம்மிடையே இருந்து வருகிறது.

இந்த இரண்டையும் ஒன்றாய் இணைத்துக் கொண்டவர்கள் குளிர்நாட்டு மக்கள். மாலையில் நகரத்து நிலையத்தில் படுக்கை வண்டி ஏறுகிறார்கள். மலையடிவாரத்து நிலையத்தில் இறங்குகிறார்கள். கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிச்சரிவுகளில் வழுக்கி விளையாடுகிறார்கள். ஸ்கீ என்றும் பனிச்சறுக்கு என்றும் வழங்கும் இவ்விளையாட்டுக்காகவே குளிர்கால விடுமுறையை எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்கள் பல. ஆல்ப்ஸ் மலைக்குச் செல்லும் இத்தகைய வண்டிகளைப் பற்றி ஐரோப்பியர் நிறைய எழுதியிருக்கின்றனர். ஆயின் துருக்கி நாட்டின் தலைநகராம் அங்காராவிலிருந்து கிழக்கே கார்ஸ் நகரை நோக்கி ஓடும் ஒரு வண்டியும் உண்டு. அவ்வண்டி செல்லும் தண்டவாளத்தின் கதை நாம் அறிந்திருக்க வேண்டிய கதை. அது விளையாட்டின் கதையாகத் தொடங்கவில்லை.

படுக்கைப் பெட்டி பிறந்த கதை

ரயிலில் படுத்துறங்கும் வசதியை வணிகமாக வளர்த்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் புல்மன். 1860களின் பிற்பகுதியில் அந்நாட்டுக்குச் சென்ற பெல்ஜியத்து இளைஞர் ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ் அவ்வண்டிகளைக் கண்டு வியந்தார். தாயகம் திரும்பியதும் 1870களில் வாகோன்-லீ என்னும் படுக்கை வண்டி நிறுவனத்தை நிறுவினார். நாட்டுக்கு நாடு ரயில் கம்பெனிகள் வேறு வேறாக இருந்த ஐரோப்பாவில், எல்லைகளைக் கடந்து ஒரே பெட்டியில் உறங்கிச் செல்லலாம் என்ற நிலையை அவர் உண்டாக்கினார். அவருடைய புகழ்பெற்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் 1883 அக்டோபரில் பாரிஸிலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் இலக்கு உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்பூல். தொடக்கத்தில் வழியில் கப்பலும் ஏற வேண்டியிருந்தது. 1889இல் நேர்வழி திறந்தது.

அதே காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து குகைவழிகள் திறக்கப்பட்டன. 1882இல் சுவிட்சர்லாந்தின் காட்ஹார்ட், 1884இல் ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க். நாடுகளின் வாணிகத்துக்காகக் குடைந்த அக்குகைகளின் வாயிலில் இருந்த ஏழை மலையூர்கள், பின்னர் பனிச்சறுக்கு விளையாட்டின் தலைநகரங்கள் ஆயின. ஆர்ல்பெர்க் குகையின் கிழக்கு வாயிலில் உள்ள சாங்ட் ஆன்டன் என்னும் சிற்றூர் இதற்குத் தக்க சான்று. குளிர்காலத்தில் உலகிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்த ஊர்களுக்கு ரயில் உயிரளித்தது. ரயில் இல்லாத இடத்தில் பனி ஒரு சிறை. ரயில் வந்த இடத்தில் அதுவே செல்வம்.

இந்த உண்மையைத் துருக்கி மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது.

வராத ரயில்

உஸ்மானியப் பேரரசின் ஆசியப் பகுதியில் இஸ்தான்பூலிலிருந்து கிழக்கே வந்த இருப்புப்பாதை 1892இல் அங்காராவை எட்டியது. அதற்கப்பால் ஸீவாஸ், எர்ஸின்ஜான், எர்ஸுரூம் வழியாக ரஷ்ய எல்லை வரை பரந்து கிடந்த மலைநாட்டில் ஓரடித் தண்டவாளமும் இல்லை. மாட்டு வண்டியும் கோவேறு கழுதையும் ஒட்டகமும்தாம் அங்கே போக்குவரத்து.

இதற்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவுக்கு ஹிஜாஸ் ரயில் பாதை 1900இல் தொடங்கி 1908இல் முடிக்கப்பட்டதை நாம் அறிவோம். உலகெங்குமுள்ள முஸ்லிம்கள் அதற்கு நன்கொடை அளித்தனர். இந்திய முஸ்லிம்களின் காசும் அத்தண்டவாளத்தில் உண்டு. பாலைவனத்தில் பாதை போட முடிந்த பேரரசால் கிழக்கு மலைநாட்டில் போட முடியாமற் போனதற்கு ரஷ்யாவின் தடை ஒரு பெருங்காரணம். 1900ஆம் ஆண்டு ரஷ்யா வற்புறுத்திப் பெற்ற ஓர் உடன்பாட்டின்படி, வடகிழக்கு அனதோலியாவில் பாதை அமைக்கும் உரிமையை ரஷ்யர் தவிர்த்த வேறெந்த அந்நியர்க்கும் சுல்தான் வழங்கலாகாது. ஜெர்மானியர் போட முன்வந்தாலும் போடலாகாது. ரஷ்யரோ போட முன்வரப் போவதில்லை. வாசலில் தான் நின்று கொண்டு, வீட்டுக்காரர் விளக்கேற்றுவதையும் தடுத்த கதையாயிற்று.

எல்லைக்கு அப்பால் நிலை வேறு. 1877-78ஆம் ஆண்டுப் போரில் கார்ஸ் மாநிலத்தை உஸ்மானியரிடமிருந்து கைப்பற்றிய ரஷ்யர், திஃப்லிஸ் நகரிலிருந்து கார்ஸ் வரை 1899இல் ரயில் விட்டனர். 1913இல் அதை இன்னும் தென்மேற்கே நீட்டி, பைன் மரக்காடுகள் சூழ்ந்த சாரிகாமிஷ் என்னும் எல்லையோர ஊரில் கொண்டு வந்து நிறுத்தினர். ரஷ்யப் படையின் உணவு, உடை, வெடிமருந்து அனைத்தும் அந்த ஒற்றைப் பாதையில் வந்து சாரிகாமிஷில் இறங்கின. மறுவருடமே முதல் உலகப்போர் மூண்டது.

1914ஆம் ஆண்டின் குளிர்காலம்

உஸ்மானியப் பேரரசின் போர் அமைச்சராய் அப்போது இருந்தவர் அன்வர் பாஷா. வயது முப்பத்து மூன்று. நம் ஊர்களில் அன்வர் பாஷா, கமால் பாஷா என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. துருக்கித் தொப்பி அணிந்து, கிலாஃபத் இயக்கத்துக்கு நிதி திரட்டிய காலத்தில் துருக்கியத் தலைவர்கள்பால் நம் முன்னோர் கொண்டிருந்த பற்றை அப்பெயர்கள் காட்டுகின்றன. அந்தப் பற்று மதிக்கத்தக்கது. ஆயின் வரலாறு பற்றுக்கும் அப்பால் பார்க்கச் சொல்கிறது.

அன்வர் பாஷாவின் திட்டம் வரைபடத்தில் அழகானது. பதினோராவது படைப்பிரிவு எல்லையில் ரஷ்யரை எதிர்த்து நின்று கட்டிப்போட வேண்டும். ஒன்பதாவதும் பத்தாவதும் இடப்புறமாக மலைகளைச் சுற்றிச் சென்று ரஷ்யரின் முதுகுப்புறத்தில் இறங்க வேண்டும். அவ்வாறு இறங்க வேண்டிய இடம் சாரிகாமிஷ் ரயில் நிலையம். அந்நிலையம் வீழ்ந்தால் ரஷ்யப் படைக்கு உணவில்லை, திரும்ப வழியில்லை. ஜெர்மானியத் தளபதி லிமன் ஃபான் ஸாண்டர்ஸ் இத்திட்டத்தின் இடர்களை எடுத்துரைத்தபோது, அன்வர் பாஷாவோ ஆஃப்கானிஸ்தான் வழியாக இந்தியா வரை செல்லும் எண்ணத்தையும் வெளியிட்டதாக ஸாண்டர்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மூன்றாம் படையின் தளபதி ஹஸன் இஸ்ஸத் பாஷா, கடுங்குளிரில் இத்தகைய படையெடுப்பு ஆகாது என்று கருதிப் பதவியை விட்டு விலகினார். அன்வர் பாஷா தாமே தலைமையேற்றார்.

எதிரியின் ரயில் நிலையத்தைப் பிடிக்கப் புறப்பட்ட அப்படைக்குத் தன்னுடைய ரயில் இல்லை. அங்காராவில் ரயிலை விட்டு இறங்கும் சிப்பாய் எர்ஸுரூம் வந்து சேர ஒரு மாதத்துக்கும் மேல் நடக்க வேண்டும். மிஞ்சிய வழி கருங்கடல். அதுவும் காவலற்றது. 1914 நவம்பரில் படைக்குரிய பொருள்களுடன் டிராப்ஸன் துறைமுகத்தை நோக்கிச் சென்ற பஸ்மி ஆலம், பஹ்ரி அஹ்மர், மித்ஹத் பாஷா என்னும் மூன்று கப்பல்களையும் ரஷ்யக் கடற்படை மூழ்கடித்தது. குளிருடைகளும் அவற்றோடு ஆழ்கடலில் அடங்கின. மறுபுறம், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் தம் வீரர்க்குப் பதக்கம் அணிவிக்க, போர் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன் ரயிலிலேயே வந்து சாரிகாமிஷில் இறங்கினார். இரு தரப்பின் நிலையையும் உணர்த்த இந்த ஒன்றே போதும்.

டிசம்பர் 22ஆம் நாள் படை நகர்ந்தது. சுமை குறைந்து விரைவாகச் செல்லட்டும் என்று கனத்த மேலங்கிகளையும் மூட்டைகளையும் விட்டுச் செல்ல உத்தரவிடப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். உலர்ந்த ரொட்டியும் சில ஆலிவ் காய்களுமே உணவு. பத்தாவது பிரிவின் முன்னே நின்றது மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைத்தொடர். அதன் பெயர் அல்லாஹு அக்பர் மலைகள். டிசம்பர் 25, 26ஆம் நாள்களில், உறைநிலைக்கு இருபது முப்பது டிகிரி கீழே இறங்கிய குளிரில், இடுப்பளவுப் பனியில், புயலுக்கு எதிராக அப்பிரிவு அம்மலையை ஏறிக் கடந்தது. களைத்து உட்கார்ந்தவர் எழவில்லை. நின்றபடியே உறங்கியவர் விழிக்கவில்லை. ஓர் இரவில், எதிரியின் துப்பாக்கி ஒருமுறையும் ஒலிக்காமல், படையின் மூன்றிலொரு பங்கு பனியில் மறைந்தது என்பர்.

ஒன்பதாவது பிரிவினர் சாரிகாமிஷின் எல்லையை எட்டியபோது அங்கே இருந்த ரஷ்யக் காவல் மிகச் சிறிது. ஊர்க்காவற் படையினரும் ரயில்வே படைப்பிரிவினருமே நிலையத்தைக் காத்து நின்றனர். ஆயினும் எட்டியவர்கள் எட்டும்போதே பாதியாய்க் குறைந்திருந்தனர். தாக்கக் கை இல்லை. பீரங்கி பின்னே பனியில் புதைந்து கிடந்தது. ரஷ்யர்க்கோ அடுத்தடுத்து உதவி வந்து சேர்ந்தது. நிலையத்தின் விளக்கொளி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் காட்டுக்குள் கிடந்து உறைந்தனர் உஸ்மானிய வீரர். ஜனவரித் தொடக்கத்தில் ஒன்பதாவது பிரிவின் தளபதி இஹ்ஸான் பாஷா தம் அதிகாரிகளுடன் சிறைப்பட்டார். ஜனவரி நடுப்பகுதியில் எல்லாம் முடிந்தது.

ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கொண்ட படையில் மடிந்தோர் தொகை பற்றிக் கணக்குகள் வேறுபடுகின்றன. துருக்கிய மக்களின் நினைவில் நிலைத்த எண் தொண்ணூறாயிரம். ஆய்வாளர் பலர் அதனினும் குறைத்துக் கூறுவர். மிகக் குறைந்த கணக்கும் பல்லாயிரங்களே. பிடிபட்டவர்களில் பலர், ரஷ்யரின் அதே ரயிலில் ஏற்றப்பட்டு, பாகூ நகருக்கு எதிரே கடலில் உள்ள நார்கின் தீவின் சிறைமுகாமுக்குக் கொண்டு போகப்பட்டனர். எஞ்சியோரை எர்ஸுரூமில் டைஃபஸ் காய்ச்சல் காத்திருந்தது. பத்தாவது பிரிவை மலையேற்றிய ஹாஃபிஸ் ஹக்கி பாஷாவே அடுத்த மாதம் அந்நோயால் மாண்டார். இஸ்தான்பூல் திரும்பிய அன்வர் பாஷா, தோல்விச் செய்தி பத்திரிகைகளில் வராமல் பார்த்துக் கொண்டார். மகன் எங்கே என்று அறியாமலே எத்தனையோ தாய்மார் காலம் கழித்தனர்.

மறைக்கலாகாத மற்றொன்று

இத்தோல்விக்குப் பழியைச் சுமக்க வேண்டியவர்கள் அதைத் தம் தோளில் சுமக்கவில்லை. ரஷ்யப் படையில் ஆர்மீனியத் தொண்டர் படைகளும் இருந்தன. அதைக் காட்டி, அனதோலியாவில் வாழ்ந்த ஆர்மீனியக் குடிகள் அனைவர் மீதும் துரோகப் பட்டம் சுமத்தப்பட்டது. 1915ஆம் ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும் பெண்கள், முதியோர், குழந்தைகள் உள்ளிட்ட அம்மக்கள் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டுக் கொல்லப்பட்டனர். எர்ஸின்ஜானுக்கு மேற்கே உள்ள கெமாஹ் மலையிடுக்கில் நிகழ்ந்த கொலைகள் அவற்றுள் மிகக் கொடியவை. இன்றைய ரயில் அந்த இடுக்கின் வழியேதான் செல்கிறது. நம்மவர் இழைத்த அநீதியை அநீதி என்று சொல்லத் தயங்குவோமாயின், நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்து விடுவோம். பனியில் உறைந்த சிப்பாய்க்காக வருந்தும் நெஞ்சு, அந்த ஆற்றங்கரையில் மடிந்த குழந்தைக்காகவும் வருந்த வேண்டும்.

குடியரசு போட்ட தண்டவாளம்

1916 பிப்ரவரியில் எர்ஸுரூம் ரஷ்யர் வசமாயிற்று. அவர்கள் செய்த முதற்காரியங்களில் ஒன்று, சாரிகாமிஷிலிருந்து எர்ஸுரூம் வரை குறுகிய ரயில் பாதை போட்டது. பின்னர் ரஷ்யப் பேரரசே வீழ்ந்தது. உஸ்மானியப் பேரரசும் வீழ்ந்தது. 1921 அக்டோபரில் கையெழுத்தான கார்ஸ் உடன்படிக்கையால் கார்ஸும் சாரிகாமிஷும் துருக்கியின் எல்லைக்குள் உறுதியாயின. இவ்வாறு, பிடிக்கப் போய் உயிரிழந்த அந்த ரயில் நிலையம் ஒரு கையெழுத்தினால் துருக்கிக்கு வந்து சேர்ந்தது. அன்வர் பாஷா அடுத்த ஆண்டு மத்திய ஆசியாவில் செஞ்சேனையை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். அவர் உடலின் எச்சங்கள் 1996இல்தான் இஸ்தான்பூலுக்குக் கொண்டு வரப்பட்டன.

1923இல் பிறந்த துருக்கிக் குடியரசின் தலைவர்கள் பெரும்பாலும் படைவீரர்கள். முஸ்தஃபா கமாலும் இஸ்மத் இனோனுவும் போர்க்காலத்தில் கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவர்கள். ரயில் இன்மையால் படை என்ன ஆகும் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. ஏழை நாட்டின் வருவாயில் பெரும்பங்கை அவர்கள் இருப்புப்பாதைக்கு ஒதுக்கினர். 1927இல் கய்ஸேரி, 1930இல் ஸீவாஸ், 1938இல் எர்ஸின்ஜான், 1939 அக்டோபரில் எர்ஸுரூம் என்று தண்டவாளம் கிழக்கே நகர்ந்தது. 1940 வரை நாடெங்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான புதிய பாதைகள் அமைந்தன. ஸீவாஸுக்கு அப்பால் வேலை மிகக் கடினம். ஃபுராத் நதியின் மேற்குக் கிளையான கராசு ஆறு குடைந்த மலையிடுக்கில், ஆற்றுக்கும் பாறைக்கும் இடையே, குகை மேல் குகையாகக் குடைந்து பாதை சென்றது. கர்பலா வரலாற்றால் நம் செவிக்குப் பழகிய ஃபுராத், இங்கே பனியுருகிப் பாயும் மலையாறு.

ரயிலோடு தன்மானமும் பேசப்பட்ட காலம் அது. படுக்கை வண்டிகளை நடத்திய வாகோன்-லீ நிறுவனத்தின் இஸ்தான்பூல் அலுவலகத்தில், 1933 பிப்ரவரியில், தொலைபேசியில் துருக்கி மொழியில் பேசிய ஊழியரை அந்நிய மேலாளர் கண்டித்தார். செய்தி பரவியதும் மாணவர்கள் திரண்டெழுந்து அந்நிறுவன அலுவலகத்தைத் தாக்கினர். சொந்த நாட்டு ரயிலில் சொந்த மொழிக்கு இடமில்லையா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. தாய்மொழிப் பற்றுடைய நமக்கு அந்தக் கேள்வியின் வேகம் விளங்கும்.

கிழக்கு எக்ஸ்பிரஸ் என்னும் வண்டி 1936இல் இஸ்தான்பூலின் ஹைதர்பாஷா நிலையத்திலிருந்து ஓடத் தொடங்கியது. பாதை நீள நீள வண்டியின் வழியும் நீண்டது. அதே 1936இல்தான் துருக்கியப் பனிச்சறுக்கு வீரர் முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்து கொண்டனர். போர்க்காலத்தில் எர்ஸுரூமில் ஆஸ்திரியர் சிலர் உஸ்மானியச் சிப்பாய்களுக்குக் கற்பித்த பனிச்சறுக்கு, இருபது ஆண்டுகளுக்குள் இளைஞரின் விளையாட்டாக மாறியிருந்தது.

பாதையின் பயன் விரைவிலேயே சோதனைக்குள்ளானது. 1939 டிசம்பர் 27ஆம் நாள் விடியுமுன் எர்ஸின்ஜானைப் பெரும் பூகம்பம் தாக்கியது. நகரம் தரைமட்டமாயிற்று, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அல்லாஹு அக்பர் மலைகளில் படை உறைந்து சரியாக இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த அதே வாரம், அதே கடுங்குளிர். ஆனால் இம்முறை தண்டவாளம் இருந்தது. எர்ஸின்ஜானுக்கு ரயில் வந்து ஓராண்டே ஆகியிருந்தது. பனியில் தடைப்பட்டுத் தடைப்பட்டேனும் வண்டிகள் மருந்தும் போர்வையும் கொண்டு வந்தன. காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு மேற்கே சென்றன. முன்பு ஒரு மாதம் நடக்க வேண்டியிருந்த வழி அது. அன்று உயிர் தப்பியோர் பலரின் கணக்கை அந்தத் தண்டவாளத்தின் பேரில்தான் எழுத வேண்டும்.

எர்ஸுரூமுக்கு அப்பால் ரஷ்யர் போட்ட பாதைகள் அளவில் வேறுபட்டவை. பொருள்களை வண்டி மாற்றி வண்டி ஏற்ற வேண்டியிருந்தது. அவற்றை அகற்றி, நாடெங்கும் உள்ள அளவிலேயே புதுப்பாதை படிப்படியாகக் கிழக்கே நீண்டு, 1960களின் தொடக்கத்தில் கார்ஸ் வரை ஒரே தண்டவாளம் ஆயிற்று. சாரிகாமிஷுக்கு மேற்கிலிருந்து நேராக ரயில் வந்தது இவ்வாறுதான். 1914இல் வந்திருக்க வேண்டிய வண்டி பல பத்தாண்டுகள் தாமதமாக வந்தது எனலாம்.

இன்றைய வண்டி

இஸ்தான்பூலுக்கும் அங்காராவுக்கும் இடையிலான அதிவேகப் பாதைப் பணிகளால் 2012 முதல் கிழக்கு எக்ஸ்பிரஸ் அங்காராவிலிருந்தே புறப்படுகிறது. கார்ஸ் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை இருந்த தொலைவும் அதுவே. பயணம் ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கும். மாலையில் அங்காராவை விட்ட வண்டி கய்ஸேரியையும் ஸீவாஸையும் இருளில் கடக்கிறது. பயணிகள் விழிக்கும்போது சாளரத்துக்கு வெளியே வெண்மையன்றி வேறில்லை. பிறகு கராசு ஆற்றின் இடுக்கு. ஒரு குகையிலிருந்து வெளிவந்து ஆற்றைக் கண்டு முடிப்பதற்குள் அடுத்த குகை. நண்பகலை ஒட்டி எர்ஸின்ஜான், பிற்பகலில் எர்ஸுரூம். பனிச்சறுக்குப் பலகைகளுடன் சிலர் இங்கேயே இறங்குவர். நகருக்கு அருகே பாலன்தோகன் மலையின் சரிவுகள் உள்ளன. உலகப் பல்கலைக்கழக மாணவரின் குளிர்கால விளையாட்டு விழா 2011இல் இங்கேதான் நடந்தது. மற்றவர்கள் இருட்டிய பின் சாரிகாமிஷில் இறங்குவர்.

நெடுங்காலம் இது ஏழைகளின் வண்டி. விடுமுறையில் ஊர் திரும்பும் சிப்பாயும், மாணவனும், மேற்கு நகரங்களில் கூலி வேலை செய்து திரும்பும் குடியானவனும் இதில் சென்றனர். 2010களின் பிற்பகுதியில், கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்பும் இளைஞர் கூட்டம் இவ்வண்டியைக் கண்டுபிடித்தது. சாளரத்தில் சரவிளக்குத் தொங்கவிட்டு, தேநீர்க் குவளையை வைத்து, வெளியே ஓடும் பனிவெளியைப் படமெடுத்தனர். பயணச்சீட்டு கிடைப்பது அரிதாயிற்று. அன்றாடப் பயணிக்கு இடமில்லாமற் போயிற்று. 2019 மே மாதத்தில் துருக்கி ரயில்வே சுற்றுலாக் கிழக்கு எக்ஸ்பிரஸ் என்ற தனி வண்டியைத் தொடங்கியது. படுக்கைப் பெட்டிகள் அதற்கு மாற்றப்பட்டன. அது வழியில் சில ஊர்களில் மணிக்கணக்கில் நின்று செல்லும், கட்டணமும் மிகுதி. பழைய வண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. வசதியுள்ளோர்க்கு ஒரு வண்டி, வயிற்றுப்பாட்டுக்குச் செல்வோர்க்கு ஒரு வண்டி என்று ஒரே தண்டவாளம் இருவரையும் சுமக்கிறது.

சாரிகாமிஷ் ஊர் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. அதன் அருகே, பைன் மரக்காட்டின் நடுவே, 2,600 மீட்டர் உயரம் வரை கம்பிவட நாற்காலிகள் ஏறிச் செல்கின்றன. ஈரம் குறைந்து பொடிபோல் இருக்கும் அப்பனியைப் படிகப்பனி என்று துருக்கியர் போற்றுவர். சிறுவர்களும் பெற்றோரும் புதுமணத் தம்பதியரும் சரிவுகளில் சிரித்துக்கொண்டே இறங்குகின்றனர். அவர்கள் இறங்கும் அந்த மரங்களுக்கிடையில்தான், நிலையத்து விளக்கைப் பார்த்தபடி ஒன்பதாவது பிரிவினர் உறைந்தனர்.

விளையாட்டும் நினைவும்

மயானத்தில் விளையாடலாமா என்ற கேள்வி இங்கே எழாமல் இராது. துருக்கியரே இதற்கு ஒரு விடை கண்டிருக்கின்றனர். ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் பல்லாயிரம் மக்கள் சாரிகாமிஷில் கூடி, அந்தப் பனியில் நடந்து சென்று, ஷஹீதானவர்களுக்காக துஆ செய்கின்றனர். அவ்வழியே பனிச்சிற்பங்களாகச் சிப்பாய்களின் உருவங்களைச் செதுக்கி நிறுத்தும் வழக்கமும் வந்திருக்கிறது. பனியில் உறைந்தவர்க்குப் பனியாலேயே நினைவுச் சின்னம். வெயில் வந்ததும் அது உருகி மண்ணில் கலந்து விடுகிறது. 2004இல் சாரிகாமிஷ், அல்லாஹு அக்பர் மலைகளை உள்ளடக்கித் தேசியப் பூங்கா அமைத்தனர். நடப்போரும் சறுக்குவோரும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் இருப்பர். பலர் இரண்டையும் செய்வர்.

இதில் நாம் குறை காணவில்லை. ஜியாரத்துக்குச் சென்ற இடத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவதை நம் பெரியோர் கடிந்ததில்லை. மாண்டவர்களும் இருபது வயது இளைஞர்களே. போர் இல்லாதிருந்தால் அவர்களும் ஒரு விடுமுறையில் பனியில் விளையாடியிருப்பர். அவர்கள் பேரன்மார் அந்த மலையை அஞ்சாமல் வெதுவெதுப்பான பெட்டியில் வந்து இறங்குவது அவர்களுக்கு இழைக்கும் அவமதிப்பாகாது. அவர்களை மறப்பதுதான் அவமதிப்பு. அதனினும் பெரிய அவமதிப்பு, அவர்கள் ஏன் மாண்டார்கள் என்ற கேள்விக்குப் பனியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு அமைதியடைவது.

பனி அவர்களைக் கொன்றது என்பது பாதி உண்மை. அதே பனியில்தான் ரஷ்யச் சிப்பாயும் நின்றான். அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் உறைந்து வீழ்ந்தனர். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ரயில் நிலையம் இருந்தது. சூடான சூப்பும் கம்பளிச் சட்டையும் அதில் வந்து இறங்கின. துருக்கியச் சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மைல் வெறும் மலை. அவன் ஈமானிலோ வீரத்திலோ குறைவில்லை. தக்பீர் முழக்கத்தின் பெயரையே தாங்கிய மலையில் அவன் ஏறினான். குறை, அவனை அனுப்பியவர்களின் ஆயத்தத்தில் இருந்தது. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வை என்னும் நபிமொழிப் போதனையை நாம் சிறுவர்க்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு லட்சம் உயிர்களுக்குப் பொறுப்பேற்றவர் அதை மறந்தார்.

படையெடுப்புக்கு மட்டும் பொருந்தும் பாடமன்று இது. பள்ளிக்கூடம் கட்டாமல் அறிவு வளரவில்லை என்று வருந்துவதும், தொழில் கற்றுக் கொடுக்காமல் இளைஞரைக் கடல் கடந்து அனுப்புவதும், மருத்துவமனைக்கு வழி செய்யாமல் விதியை நோவதும் ஒருவகையில் தண்டவாளம் போடாமல் படை அனுப்பும் செயலே. இவற்றிலும் விலை கொடுப்பவர்கள் அனுப்பியவர்கள் அல்லர், அனுப்பப்பட்டவர்களே.

அங்காராவிலிருந்து புறப்படும் இரவு வண்டியில் ஒரு குழந்தை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாளைய பனி விளையாட்டை எண்ணி உறங்குகிறது. அந்த உறக்கத்துக்குப் பின்னால் மலையைக் குடைந்த தொழிலாளரின் உழைப்பும், காலம் தாழ்ந்தேனும் பாடம் கற்ற ஒரு நாட்டின் செலவும், கம்பளி இல்லாமல் அவ்வழி நடந்த பல்லாயிரவரின் உயிரும் இருக்கின்றன. அவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக. அவர்களை அனுப்பியவர்களின் பிழையிலிருந்து நாம் படிப்பினை பெறுவோமாக.